முப்பத்து நான்கு வயதுக்குச் சாட்சி

எங்கள் அலுவலகத்தில் அவரை எல்லோரும் 'பெரியவர்' என்று கூப்பிட்டோம். உண்மையில் எங்கள் பிரிவில் எல்லோரையும்விட வயதில் இளையவர் அவர்தான். எனக்கே மூன்று வயது இளையவர். முதல்முறை அவர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றபோது நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். பிறகு தினக்கூலி ஆள் என்று தெரிந்ததும் உட்கார்ந்துகொண்டேன். மரியாதை வயதுக்கா பதவிக்கா என்ற கேள்விக்கு விடை காண ஓர் அரசு ஊழியன் அதிக நேரம் எடுத்துக்கொள்வதில்லை.

எழுபதுகளில் காரைக்காலில் நான் வேலை பார்த்த அந்த அலுவலகத்தின் பெயர் இங்கே வேண்டாம். கொசு, மூட்டைப்பூச்சி, கரையான் ஆகியவற்றை ஒழிப்பது எங்கள் பொறுப்பு. மூன்றும் இன்றும் நலமாக இருக்கின்றன. நான் அங்கே எழுத்தராகச் சேர்ந்து தலைமை எழுத்தரானேன். பெரியவர் மருந்து அடிப்பவர். முதுகில் பம்பு, தோளில் பவுடர்ப் பை, கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு காலையில் கிளம்புவார். மாலையில் திரும்பும்போது புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். கொஞ்ச காலம் கழித்து, முகம் கழுவிய பிறகும் அது வெள்ளையாகவே இருந்தது.

சுவர்களுக்கும் சாக்கடைக்கும் டி.டி.டி. கரைசல். மற்ற எல்லாவற்றுக்கும் பி.எச்.சி. பவுடர். மற்ற எல்லாம் என்றால் எல்லாம்தான். கட்டில் சந்தில் மூட்டைப்பூச்சிக்குப் போட்டார்கள். நெல் குதிரில் வண்டுக்குப் போட்டார்கள். பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளின் தலையில் பேனுக்குப் போட்டு, துணியால் இறுக்கிக் கட்டி, மறுநாள் அலசினார்கள். கடற்கரையில் கருவாடு காயப்போடுகிறவர்கள் ஈ மொய்க்காமலிருக்க மேலே மெலிதாகத் தூவிக்கொண்டார்கள். பதிலுக்கு அவருக்கு நெத்திலிக் கருவாடு கிடைத்தது. அதை அவர் வீட்டில் குழம்பு வைத்துச் சாப்பிட்டார். எங்கள் அலுவலகத்தில் யாரும் லஞ்சம் வாங்கியதில்லை. பொட்டலம் வாங்கினோம். "பெரியவரே, வீட்ல எறும்பு தாங்கல" என்றால் போதும், சாயங்காலம் மேசைமேல் ஒரு பொட்டலம் இருக்கும்.

ஸ்டோரில் கையுறையும் முகமூடியும் இருந்தன. அவை நிரந்தர ஊழியர்களுக்கு உரியவை. மருந்து அடிப்பவர்களில் நிரந்தர ஊழியர் என்று ஒருவரும் இல்லாததால், அவை வந்த நாளில் இருந்ததைப் போலவே புதிதாக இருந்தன. ஆண்டுதோறும் கையிருப்புச் சரிபார்க்கும்போது எண்ணி, தூசி தட்டி, திரும்ப வைத்தோம். ஒன்றுகூடக் குறைந்ததில்லை.

அதே கட்டடத்தின் பின்பகுதியில் பழைய பதிவேடுகள் இருந்த அறைக்கும் அவர்தான் பவுடர் போடுவார். பிரெஞ்சுக்காரர்கள் ஊரில் பிறந்த ஒவ்வொரு பிள்ளையையும் தேதி, நேரம், தகப்பன் தொழில் உட்பட எழுதிவைத்தவர்கள். அந்தப் பிறப்புப் பதிவை ஊரில் இன்றும் 'எத்தா சிவில்' என்பார்கள். வரப்புக்கு அந்தப்பக்கம் தமிழ்நாட்டில் பிறந்தவர்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார் சொன்ன தேதியில் பிறந்தவர்கள். நாங்கள் பிறந்த தேதியிலேயே பிறந்தவர்கள். அந்தப் பெருமை எங்களுக்கு உண்டு. கரையான் அரிக்காமல் இந்தப் பெருமையைக் காப்பாற்றியவர் பெரியவர். ஜன்னல் திறக்காத அறை. ஒவ்வொரு தொகுதியாக எடுத்து, விரித்து, தாளுக்கு நடுவே தூவி, ஊதி, மூடிவைப்பார். வாயால்தான் ஊதுவார்.

முப்பது வயதைத் தாண்டியபோது அவருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. கடைவாய்ப் பற்கள் போய்விட்டன. கழுத்துத் தோல் தனியாகத் தொங்கியது. தேநீர்க் குவளையை இரண்டு கையாலும் பிடிப்பார். அப்படியும் கொஞ்சம் சிந்தும். அவர் இதற்கெல்லாம் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. ஒருநாள் வந்து சொன்னார்:

"சார், இன்னிக்கு கோட்டுச்சேரி பஸ்ஸுல ஒரு காலேஜுப் பொண்ணு எழுந்து எடம் குடுத்துச்சு. 'உக்காருங்க தாத்தா'ன்னுச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"'நல்லா இரு தாயி'ன்னு உக்காந்துட்டேன். கெடைக்கிற எடத்த ஏன் சார் விடணும்?"

அலுவலகமே சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்தால் இருமல் வரும். இருமல் நிற்கும்வரை நாங்கள் வேறு வேலை பார்ப்போம்.

எழுபதுகளின் கடைசியில் ஓர் ஆணை வந்தது. இடைவிடாமல் தினக்கூலியாக இருந்தவர்களை நிரந்தரமாக்கலாம். இரண்டு நிபந்தனைகள். வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்கக் கூடாது. மருத்துவக் குழு உடல்தகுதிச் சான்று தரவேண்டும். பெரியவருக்கு அப்போது முப்பத்து நான்கு நடந்துகொண்டிருந்தது. ஆணையைப் படித்துவிட்டு, இது இவருக்காகவே போட்டது போலிருக்கிறதே என்று நான் நினைத்தேன். ஆணைகள் யாருக்காகவும் போடப்படுவதில்லை என்பது அத்தனை ஆண்டு அனுபவத்துக்குப் பிறகும் எனக்கு மறந்துபோயிருந்தது.

மறுநாள் அவர் மனைவியையும் அழைத்துக்கொண்டு வந்தார். ஒல்லியான, வாய்த்துடுக்கான பெண். பார்த்தவர்கள் மகள் என்றே நினைத்தார்கள்.

"சார், இவுரு நெரந்தரமாயிட்டா, இருக்கறப்ப மட்டுமில்ல, இல்லாமப் போனாலும் எங்களுக்கு மாசாமாசம் ஏதோ வரும்னாங்களே, நெசமா?"

"குடும்ப ஓய்வூதியம் உண்டும்மா. உங்களுக்கு வேலை கேட்கவும் வழி இருக்கு."

"தினக்கூலியாவே போய்ட்டா?"

"ஒண்ணும் கிடையாது."

அவள் கணவரை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப சீக்கிரம் முடிச்சுக் குடுங்க சார். இந்த ஒடம்ப நம்பி எத்தன நாளு குந்தியிருக்கறது?"

"பாத்தீங்களா சார்?" என்றார் பெரியவர். "நான் நிக்கறப்பவே எனக்கு நடக்கவேண்டியதப் பேசறா."

"ரெண்டு பொட்டப்புள்ளைங்கள வெச்சுக்கிட்டு வேற என்னத்தப் பேசறது?" என்றாள் அவள்.

அன்றைக்கு எங்கள் அதிகாரியாக இருந்தவர் வெளியூர்க்காரர். கெட்டவர் அல்ல. ஏமாந்துவிடக் கூடாது என்பதே வாழ்க்கையின் நோக்கம் என்று நம்பியவர். நான் கொண்டுபோய் வைத்த விண்ணப்பத்தைப் பார்த்தார், பெரியவரைப் பார்த்தார், மறுபடியும் விண்ணப்பத்தைப் பார்த்தார்.

"யோவ், இது நீ பொறந்த தேதியா, உன் மகன் பொறந்த தேதியா?"

"எனக்கு ரெண்டும் பொண்ணுங்க சார்."

அதிகாரிக்குச் சிரிப்பு வரவில்லை. மூலப் பதிவேட்டையே கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்தேன். பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, தடவிப் பார்த்து, விரலில் ஒட்டிய வெள்ளையை முகர்ந்து பார்த்தார். தாள் அப்படியே இருந்தது. மை கறுப்பாக இருந்தது. ஒரு பூச்சி அரித்த துளை இல்லை.

"முப்பத்துநாலு வருஷத்துத் தாளாய்யா இது? போன வாரம் எழுதின மாதிரி இருக்கு."

"நான்தான் சார் பவுடர் போடறேன்" என்றார் பெரியவர், பெருமையோடு.

"தாளுக்கும் உனக்கும் ஒரே வயசுன்னா அது ஏன் இப்படி இருக்கு, நீ ஏன் இப்படி இருக்க? அதுக்கு என்ன போட்ட, உனக்கு என்ன போட்ட?"

"ஒரே பவுடர்தான் சார்."

இதை அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. கேட்டார்கள், சொன்னார். அதிகாரி அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார். இறந்துபோன தம்பியின் பிறப்புப் பதிவை வைத்து இந்த ஆள் வேலை வாங்கப் பார்க்கிறார் என்பது அவர் முடிவு. தம்பி யாரும் பிறக்கவே இல்லை என்று நான் சொன்னேன். பிறக்காத தம்பிக்கு ஆதாரம் எங்கே என்று கேட்டார். கடைசியில், கூடப் படித்த, சம வயதுள்ள, மதிப்புக்குரிய ஒருவர் நேரில் வந்து சாட்சி சொன்னால் பரிசீலிப்பதாக ஒப்புக்கொண்டார்.

அங்கேதான் நாங்கள் காரைக்கால்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தவறைச் செய்தோம்.

பதிவேட்டின் அதே பக்கத்தில், பெரியவருக்கு அடுத்த பதிவாக, மறுநாள் பிறந்த ஒருவர் இருந்தார். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பிரெஞ்சு எழுத்துப் படித்தவர்கள். ஊர் கைமாறியபோது பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். அவருடைய அப்பா எழுதிக் கொடுத்தார். பெரியவருடைய அப்பா அன்றைக்கு நடவில் இருந்தார். அவ்வளவுதான் வித்தியாசம். அந்த மனிதர் பிரெஞ்சு ராணுவத்தில், ஊரில் சொல்தா என்று சொல்கிற சிப்பாயாகச் சேர்ந்து, அப்போது விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தார். எங்கள் ஊரில் பிரெஞ்சு பாஸ்போர்ட்டுக்கு மேலான சாட்சி கிடையாது. அதைப் பார்த்தால் வங்கியில் எழுந்து நிற்பார்கள், பெண் கொடுப்பார்கள். வயதை நம்ப மாட்டார்களா? எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

சொல்தா வந்தார். கட்டம் போட்ட சட்டை, வாசனைத் தைலம், தலை நிறையக் கறுப்பு முடி, பல்வரிசையில் ஒன்றும் குறையவில்லை. வராந்தாவில் நின்ற பெரியவரைத் தாண்டிப் போய்விட்டு, அவர் கூப்பிட்டதும் திரும்பினார்.

"டேய்... நீயாடா?"

"நாந்தான்டா."

"என்னடா ஆச்சு உனக்கு? ஒங்கப்பாரு நிக்கிறாருன்னுல்ல நெனச்சேன்."

"ஒன்னை அங்க ஐஸ்ல வெச்சிருக்காங்க. என்னை இங்க வெயில்ல வெச்சிருக்காங்க."

இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பிறகு சொல்தா கைக்குட்டையை எடுத்துச் சட்டையைத் தட்டிக்கொண்டார். பவுடர் ஒட்டியிருந்தது.

அதிகாரி இருவரையும் பக்கம்பக்கமாக நிற்கவைத்துப் பார்த்தார். எங்கள் திட்டத்தின் முட்டாள்தனம் எனக்கு அந்த நிமிடம்தான் விளங்கியது.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே பெஞ்சா?"

"ஆமாங்க. என் சிலேட்டுல எச்சி துப்பித் துப்பி அழிப்பான். அதுக்காக வாத்தியாருகிட்ட அடிகூட வாங்கியிருக்கான்."

"இவரு உங்க அப்பாவோட பெஞ்சா இருப்பாருங்க. நல்லா ஞாபகப்படுத்திப் பாருங்க."

சொல்தா சிரித்துவிட்டார். நண்பனுக்காக வந்தவர்தான், ஆனால் இளமையாக இருக்கிறாய் என்று சொன்னால் சிரிக்காதவர் யார்? அந்தச் சிரிப்பு போதுமானதாக இருந்தது. சாட்சியின் தோற்றம் அவர் கூறும் வயதோடு முற்றிலும் பொருந்துகிறது, ஆகவே மனுதாரர் அதே வயதினராக இருக்க இயலாது என்று அதிகாரி குறிப்பு எழுதினார். இன்றுவரை அதைவிடத் தர்க்கசுத்தமான கோப்புக் குறிப்பை நான் படித்ததில்லை. வயது, உடல்தகுதி இரண்டையும் மருத்துவக் குழுவே பார்த்துச் சொல்லட்டும் என்று அனுப்பிவைத்தார்.

ஒரே பக்கத்தில் பிறந்த இருவரை வைத்து அறிவியல் செய்ய முடியாது என்று எனக்குத் தெரியும். ஒருவர் குளிர்நாட்டில் இருந்தார். மற்றவர் வெயிலில் அலைந்தார், பீடி குடித்தார், கூலி வாங்கும் நாளில் சாராயமும் குடித்தார். எது எவ்வளவு தின்றது என்று பிரித்துச் சொல்ல யாராலும் ஆகாது. ஆனால் ஓய்வுபெற்ற பிறகு, படிக்க நேரம் கிடைத்தபோது, உடம்பு கிழமாவது எப்படி என்று கொஞ்சம் படித்தேன். செல்லுக்குள் இருக்கும் எழுத்து நாள்தோறும் சிதைகிறது, நாள்தோறும் பழுதுபார்க்கப்படுகிறது. நஞ்சு கொஞ்சமாக வரும்போது கொல்வதில்லை. சிதைவைக் கூட்டிவிட்டு, பழுதுபார்ப்பதைத் தாமதப்படுத்துகிறது. வேலை தேங்கித் தேங்கி, ஒரு கட்டத்தில் அந்தச் செல் தன்னைப்போல் இன்னொன்றை உண்டாக்குவதை நிறுத்திவிடுகிறது. ஆனால் சாவதில்லை. இடத்தைவிட்டு எழுவதுமில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே எரிச்சலைக் கசியவிட்டு, பக்கத்தில் ஒழுங்காக வேலை செய்கிறவர்களையும் கெடுக்கிறது. அப்படிப்பட்டவை பெருகினால் அதற்குப் பெயர் முதுமை. இந்தப் பகுதியைப் புரிந்துகொள்ள எனக்கு அகராதி தேவைப்படவில்லை. வாழ்நாள் முழுக்க அப்படிப்பட்டவர்களோடுதான் வேலை பார்த்தேன்.

எல்லோருக்கும் வருவதுதான் அது. எனக்கும் வந்திருக்கிறது. கண்ணாடியில் பார்க்கும்போது தெரிகிறது: எழுபதைத் தாண்டிய பிறகு, இப்போதுதான் அவருடைய முப்பத்து நான்கை எட்டியிருக்கிறேன்.

மருத்துவக் குழுவுக்கு முன் இரண்டு மாதம் இருந்தது. அந்த இரண்டு மாதமும் அவரை ஆளாளுக்கு இளமையாக்கினார்கள். மனைவி, திருநள்ளாற்றுக்கு வேண்டிக்கொண்டு சனிக்கிழமை விரதம் இருக்கச் சொன்னாள். அவர் வேகமாகப் பலன் வரட்டும் என்று செவ்வாயையும் சேர்த்துக்கொண்டார். இருந்த கொஞ்சம் சதையும் வற்றியது. இதையும் நான் பிற்பாடுதான் படித்தேன்: அந்தப் பவுடர் உடம்பில் கொழுப்பில்தான் போய்ப் பதுங்கும், கொழுப்பு கரையும்போது வெளியே வந்து ரத்தத்தில் கலக்கும். அவர் பட்டினி கிடக்கக் கிடக்க, ஆண்டுக்கணக்கில் சேர்த்துவைத்ததெல்லாம் வெளியே வந்திருக்க வேண்டும். கை நடுக்கம் அதிகமாயிற்று. பீடிக்குத் தீக்குச்சியை வேறு யாராவது பிடிக்க வேண்டியிருந்தது. "விரதத்துல ஒடம்பு சுத்தமாவுது சார், அதான் நடுங்குது" என்றார்.

மருத்துவக் குழுவுக்கு இரண்டு நாள் முன்பு, தலைக்கு மை பூசிக்கொள்வது என்று முடிவு செய்தார். கடைத்தெருவில், வளைகுடா நாட்டிலிருந்து திரும்பி வந்து அத்தர் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் கடைக்காரரிடம் கறுப்புக் கல் ஒன்று கிடைக்கும். பொடித்து மருதாணியில் குழைத்துப் பூசினால் ஒரே பூச்சில் அட்டைக்கரியாகிவிடும். வாங்கும்போது நானும் கூட இருந்தேன்.

"கொஞ்சமாப் போடுங்க" என்றார் கடைக்காரர். "மொதல்ல முழங்கைல ஒரு சொட்டு வெச்சு ஒருநாள் பாருங்க. அரிச்சா தொடாதீங்க."

"நானா, நான் பி.எச்.சி.லயே குளிக்கிறவன். அதே என்னை ஒண்ணும் பண்ணல. இது என்ன பண்ணப்போவுது?"

"உங்க இஷ்டம். அல்லா காப்பாத்தட்டும்."

தலை, மீசை, புருவம், காதோர முடி, எல்லாவற்றுக்கும் முழுக் கல்லையும் பூசியிருந்தார்.

குழு கூடிய காலையில் அவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. முகம் பரங்கிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. கண்கள் இரண்டு கீறல். உதடு பெருத்திருந்தது. ஆனால் முடி கன்னங்கரேல் என்றிருந்தது; முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. உள்ளேயிருந்து காற்றடித்து எல்லாச் சுருக்கத்தையும் யாரோ நீவிவிட்டது போலிருந்தது.

"எப்படி சார் இருக்கேன்?"

"எரியுதா?"

"எரிஞ்சா எரியட்டும் சார். வயசு தெரியுதா, அதச் சொல்லுங்க."

தெரியவில்லை. அதுதான் உண்மை.

கோப்போடு போகவேண்டியவன் நான் என்பதால் உள்ளே ஓரமாக நின்றேன். குழுவில் பேசியவர் ஒருவர்தான்; வெளியூரிலிருந்து அன்றைக்கு மட்டும் வந்த மூத்த மருத்துவர். அதிகாரியின் குறிப்பைப் படித்தார். பெரியவரின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"யாருய்யா இவரக் கெழவன்னு எழுதினது? மூஞ்சில ஒரு கோடுகூட இல்ல."

வயது பதிவேட்டோடு பொருந்துகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பெரியவர் சிரிக்க முயன்றார். முகம் ஒத்துழைக்கவில்லை. கீறலாக இருந்த கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அது சந்தோஷமா, மையா என்று தெரியவில்லை.

பிறகு மருத்துவர் அவர் கன்னத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். எடுத்தார். குழி அப்படியே நின்றது.

"ஏய்யா, மூஞ்சி எப்பவும் இப்படித்தான் இருக்குமா, இல்ல இப்ப வீங்கியிருக்கா?"

பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் நடைமுறை தெரிந்தவன் என்பதால் பார்த்தார். எனக்கும் அது தெரிந்திருந்தது: இப்போதுதான் வீங்கியது, மை பூசினேன் என்றால், ஒரு நிமிடத்துக்கு முன் கிடைத்த வயது போய்விடும். எப்போதும் இப்படித்தான் என்றால், உடம்பு போய்விடும். மூன்றாவது பதில் ஒன்று எங்காவது இருந்தால் அது விதிகளில் இல்லை. உடன் வந்த எழுத்தர் வாய் திறக்கவும் விதிகளில் இடமில்லை.

"பொறந்ததுலேர்ந்தே இப்படித்தான் சார்" என்றார்.

மருத்துவர் தலையாட்டினார். கையை நீட்டச் சொன்னார். நீட்டிய கை நடுங்கியது. கண் இமையைப் பிதுக்கிப் பார்த்தார். பிறவியிலிருந்தே சிறுநீரகக் கோளாறு இருக்கலாம், நரம்புத் தளர்ச்சி உண்டு, நிரந்தரப் பணிக்குத் தகுதியில்லை என்று எழுதினார். இரண்டு தாள்களையும் சேர்த்துக் குண்டூசி குத்தி என்னிடம் கொடுத்தார். ஒரு தாள் அவர் இளைஞர் என்றது. இன்னொரு தாள் அந்த இளைஞர் எதற்கும் உதவமாட்டார் என்றது.

ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்தது. தோல் உரிந்து, முன்னைவிடக் கிழடாக வெளியே வந்தார். அதிகாரி அதைக் கவனித்துவிட்டார். முக வீக்கத்தால் குழு தவறாக வழிநடத்தப்பட்டது என்று மேலே எழுதி, வயதுச் சான்றை ரத்து செய்யவைத்தார். அந்த வீக்கத்தைப் பார்த்து எழுதிய நோய்ச் சான்றும் ரத்தாகவேண்டுமே என்று நான் ஒரு குறிப்பு வைத்தேன். அது வேறு தாள், வேறு விதி என்று பதில் வந்தது. வீக்கத்தால் வந்த வயது செல்லாது. வீக்கத்தால் வந்த வியாதி செல்லும். விதிகளின்படி அது சரி. நான் சரிபார்த்தேன்.

முடிவை அவரிடம் சொல்லும் வேலை அதிகாரியுடையது. சொன்னார். பெரியவர் ஒன்றுதான் கேட்டார்.

"அப்ப நாளைலேர்ந்து நான் வரணுமா சார், வேணாமா?"

"வராம? மழைக்காலம் வருதுல்ல? கொசுவ யாரு அடிக்கிறது, நானா?"

தினக்கூலிக்கு வயது வரம்பும் இல்லை, உடல்தகுதியும் வேண்டாம். மறுநாள் அவர் பதிவேட்டு அறையில் இருந்தார். வழக்கம்போல ஒவ்வொரு தாளாகத் தூவி, ஊதிக்கொண்டிருந்தார். தன் பக்கத்துக்கு மட்டும் இரண்டு கை கூடுதலாகப் போட்டதாகப் பிற்பாடு சொன்னார். "அதுவாச்சும் எளசா இருக்கட்டும் சார்."

அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அடித்தார். அதிகாரி மாற்றலாகிப் போனார், புதியவர் வந்தார், அவரும் 'பெரியவரே' என்று கூப்பிட்டார். வயது வரம்பை அவர் உண்மையிலேயே தாண்டிவிட்டதால் கோப்பு தானாகவே முடிந்துபோயிற்று. எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் வேலைக்கு வரவில்லை. வயிறு வீங்கி, கண் மஞ்சளாகிக் கிடந்தார் என்றார்கள். மழை விடுவதற்குள் போய்விட்டார். கல்லீரல் என்றார்கள். கல்லீரல் என்றதும் சாராயம் என்றார்கள். நிரந்தர ஊழியர் குடித்தால் அது பழக்கம். தினக்கூலிக்காரர் குடித்தால் அதுவே மரணத்துக்குக் காரணம்.

ஒருவர் இறந்தால் அவருடைய பிறப்புப் பதிவின் ஓரத்தில் அந்த இறப்பைக் குறித்துவைப்பது பிரெஞ்சுக்காரர் காலத்து வழக்கம். அதற்காக அந்தத் தொகுதியை எடுத்தார்கள். தாள் இன்னும் வெள்ளையாக இருந்தது. ஓரத்தில் இரண்டு வரி எழுதினார்கள். இந்த முறை யாரும் பக்கத்தைத் தடவிப் பார்க்கவில்லை, சாட்சி கேட்கவில்லை. அடுத்து இருந்த சொல்தாவின் பதிவில் ஓரம் காலியாக இருந்தது. இன்றும் காலியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இறப்புச் சான்றிதழ் வாங்க அவர் மனைவி வந்தாள். அவளுக்கும் முன்தலை நரைத்திருந்தது. அவர் சட்டைகளைத் துவைத்தவள் அவள்தான். தாளை என்னிடம் நீட்டி, எழுதியிருப்பதை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

"வயசு என்ன போட்டிருக்கு?"

"நாப்பத்தொண்ணு."

"அப்ப ஒத்துக்கிட்டாங்களா சார்?"

"ஒத்துக்கிட்டாங்கம்மா."

அவள் தாளை நான்காக மடித்தாள். ஓய்வூதியம், வேலை எதைப் பற்றியும் கேட்கவில்லை. என்ன பதில் வரும் என்று அவளுக்குத் தெரியும். போவதற்குத் திரும்பியவள் நின்றாள்.

"சார், வீட்ல மூட்டப்பூச்சி மறுபடியும் வந்துடுச்சு. புள்ளைங்க தூங்க மாட்டேங்குதுங்க. அவரு இருந்தவரைக்கும் கொண்டாந்து போட்டுடுவாரு. ஒரு பொட்டலம் கெடைக்குமா?"

பெரியவருடைய இடத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த தினக்கூலி ஆளைக் கூப்பிட்டேன். அவர் கையாலேயே அள்ளி, பழைய செய்தித்தாளில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். அதற்கு விண்ணப்பம் தேவையில்லை. அவள் சான்றிதழையும் பொட்டலத்தையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு, கோட்டுச்சேரி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வேகமாக நடந்தாள்.